சுரண்டிய பெயரும் புற ஊதா விளக்கும்

ரோமாபுரியின் பெரும் பேச்சாளர் சிசரோ கி.மு. 43-இல் கொல்லப்பட்டார். அவர் கைப்பட எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. நாம் படிப்பவை எல்லாம் படியைப் பார்த்துப் படியெடுத்து வந்தவையே.

அவருடைய சொற்பொழிவுகளில் சில மயிரிழையில் தப்பியவை. கான்ஸ்டன்ஸ் நகரில் 1414-இல் கூடிய திருச்சபைப் பேரவைக்குப் போப்பின் செயலாளராகப் போஜ்ஜோ என்பவர் சென்றிருந்தார். மறு ஆண்டே பேரவை அந்தப் போப்பைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. செயலாளருக்கு வேலை இல்லை! ஓய்வு கிடைத்த மனிதர் பழைய நூலறைகளைத் துருவத் தொடங்கினார். 1417-இல் லாங்கர், கொலோன் ஆகிய ஊர்களில் சிசரோவின் எட்டுச் சொற்பொழிவுகளைக் கண்டு, தாமே படியெடுத்தார். அவர் பார்த்த மூல ஏடுகள் பின்னர் காணாமற் போயின. அவர் எழுதிய படியோ வாட்டிகன் நூலகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்தது. அது போஜ்ஜோவின் கையெழுத்தே என்று அகஸ்தோ கம்பானா என்ற அறிஞர் 1948-இல் கண்டறிந்தார்.

ஓர் ஏட்டை யார் எழுதினார், அது யார் யார் கைக்கு மாறியது என்று தேடுவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பத்துப் பேர் சாட்சி சொல்கிறார்கள். ஒன்பது பேர் பத்தாமவர் சொல்லக் கேட்டவர்கள் என்றால், உண்மையில் சாட்சி ஒருவர்தானே? ஏடுகளும் அப்படித்தான். போஜ்ஜோவின் படியிலிருந்து பிறந்தது என்று தெரிந்துவிட்ட படிக்குத் தனிச் சாட்சியம் கிடையாது. எந்த ஏடு எந்த ஆண்டில் எவர் வீட்டில் இருந்தது என்று தெரிந்தால், எது எதைப் பார்த்து எழுதப்பட்டிருக்கக்கூடும் என்றும் தெரியும்.

உடையவரின் பெயர், குலச் சின்னம், நூலக எண் ஆகியவை பெரும்பாலும் ஏட்டின் முதற்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ இருக்கும். ஆனால் விலைக்கு வாங்கிய புதியவர் பழைய பெயரைக் கத்தியால் சுரண்டிவிடுவதுண்டு. இங்கேதான் பௌதிகம் கைகொடுக்கிறது.

அக்காலத்து மை, மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் சேர்ந்தது. சுரண்டினாலும் அதன் இரும்புச் சேர்மம் தோல் ஏட்டின் இழைகளுக்குள் சிறிதளவு தங்கிவிடும். இருட்டறையில் ஏட்டின்மீது சுமார் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். இக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் இதை உறிஞ்சி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை நீல ஒளியாக வெளிவிடுகிறது. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கின் தத்துவமும் இதுவே. மை தங்கிய இடம் கதிரை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும், ஒளிராது. ஆகவே நீல ஒளிக்கு நடுவே சுரண்டிய பெயர் கறுப்பாகத் தெரியும்!

ஏட்டின்மேல் ஒரு சொட்டு நீர்கூட விழுவதில்லை என்பது இம்முறையின் பெருமை. 19-ஆம் நூற்றாண்டில் ஆஞ்செலோ மாய் என்ற இத்தாலிய அறிஞர், அழிக்கப்பட்ட சிசரோவின் எழுத்துகளைப் படிக்க மாசிக்காய்ச் சாற்றையே ஏடுகளில் தடவினார். எழுத்து தெரிந்தது, நாளடைவில் ஏடுகள் கறுத்துப் போயின.