தராசிற் குற்றமில்லை

இரு வகுப்புக்களின் சராசரிப் புள்ளிகள் 52, 54 என்றால், பின்னையதே கெட்டிக்கார வகுப்பு என மாணவர் தீர்ப்புக் கூறிவிடுவர். புள்ளிகளின் சிதறலை நோக்கார். இதன்பொருட்டே இங்கிலாந்தின் இறேலிப் பிரபு பட்ட சங்கடத்தை நாம் வகுப்பில் எடுத்துரைப்பதுண்டு.

ஒரே குடுவையில் நைதரசனை நிரப்பி அவர் பன்முறை நிறுத்தார். காற்றிலிருந்து பெற்றதன் சராசரி நிறை 2.3101 கிராம்; இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்றதற்கு 2.2995 கிராம். வித்தியாசம் கிராமின் நூற்றிலொரு பங்கே. தராசின் பிழையோ? இத்தகைய வேறுபாடு முதலில் தென்பட்ட 1892இல், 'நேச்சர்' இதழ் வாயிலாக இரசாயன அறிஞரிடம் விளக்கம் வேண்டினார்.

இன்று நாமாயின் இவ்வாறு ஆராய்வோம். எண்ணற்ற தடவை நிறுத்தாற் கிடைக்கும் உண்மைச் சராசரிகள் இரண்டும் ஒன்றே எனக் கொள்க. அவ்வாறாயின், நாம் காணும் வித்தியாசம் செவ்வன் பரம்பலைத் தழுவிப் பூச்சியத்தைச் சுற்றியே ஆடவேண்டும். ஒவ்வொரு தொகுதியினதும் நியமவிலகலை வர்க்கித்து, அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, இரு ஈவுகளையும் கூட்டி வர்க்கமூலம் காண, அவ்வாட்டத்தின் அளவு கிட்டும். இங்கு அது ஏறக்குறைய 0.0005 கிராம். வித்தியாசம் அதன் 1.96 மடங்கை மிஞ்சுவது தற்செயலாய் நூற்றில் ஐந்து முறையே நிகழும். இறேலி கண்டதோ இருபது மடங்குக்கு மேல்! (அளவீடுகள் ஏழும் எட்டுமே, சிறு மாதிரிகளுக்கு 1908இல் கொசெற் என்பார் வகுத்த அட்டவணையே முறையானது. அதன்படி நோக்கினும் தீர்ப்பு மாறாது.)

காற்றின் நைதரசனுள் பாரமான வேறொரு வாயு மறைந்திருந்தது. 1894இல் இறேலியும் இராம்சேயும் அதனை அறிவித்தனர். ஆகன் எனும் அவ்வாயு, நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு.