முந்தானைப் பிடி விட்ட பிள்ளைக்கு யார் காவல்?

உடன்குடி விடிலி முதல் பள்ளிக்கூட வாசல் வரை

உடன்குடி,

உடன்குடி என்றதும் நாக்கில் இனிப்பு ஊறும். அந்த ஊர் கருப்பட்டிக்கு அப்படி ஒரு பேர். 2023-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கருப்பட்டி கடைக்கு வந்து விடுகிறது. அதைக் காய்ச்சும் வீட்டுக் கைப்பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது?

இதுதான் கேள்வி.

சட்டியா? பிள்ளையா?

பங்குனி, சித்திரை வந்தால் பனங்காட்டில் வேலை மும்முரம். பொழுது விடியும் முன்பே ஆண்கள் மரம் ஏறி விடுவார்கள். இறக்கிய பதனியைக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள் வேலை.

ஓலை வேய்ந்த விடிலிக்குள் அடுப்பு மணிக்கணக்கில் எரியும். பதனி பொங்கும். பிறகு பாகாக முறுகும். பதம் தப்பினால் அன்றையப் பாடு அத்தனையும் போச்சு. அடுப்பை விட்டு அந்தப் பெண் அங்கே இங்கே நகர முடியாது.

பக்கத்திலேயே 2 வயது, 3 வயதுப் பிள்ளை மண்ணில் விளையாடும். அவள் சட்டியைப் பார்ப்பாளா? பிள்ளையைப் பார்ப்பாளா?

"ஏட்டி, தம்பிய பாத்துக்கோ" என்று மூத்த மகளிடம் சொல்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அந்த மகளுக்கே 8 வயதுதான் இருக்கும். அவள் தம்பிக்குக் காவல் இருந்தால் அவள் படிப்பு கெட்டது. பள்ளிக்கூடம் போனால் தம்பிக்குக் காவல் இல்லை.

பனை ஏறுவோர் இன்று குறைந்து விட்டார்கள். இந்தச் சிக்கல் குறையவில்லை. களை எடுக்கப் போகும் தாய்க்கும், கடையில் நிற்கும் தாய்க்கும் இதே பாடுதான்.

ஒரு கரண்டி போதும்

கொதிக்கும் பாகு வெந்நீரை விடக் கொடியது. சூடு அதிகம். தோலில் பட்டால் ஒட்டிக் கொள்ளும். சின்னப் பிள்ளையின் தோலோ மெல்லியது. ஒரு கரண்டி பாகு சிந்தினாலே போதும்.

சூடு பட்டால் மை தடவுவது, பற்பசை தடவுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாமே தவறு. பட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும். பிறகு சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. இது டாக்டர்கள் சொல்லும் முறை.

இன்னொரு எமன் கிணறு. தோட்டத்துக் கிணறு பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கிணறுகூட வேண்டாம். தண்ணீர் நிறைந்த தொட்டி போதும். நடக்கப் பழகிய பிள்ளை எட்டிப் பார்த்தால் தலை கனத்துக் குப்புற விழுந்து விடும். சத்தம் போடக்கூட அதற்குத் தெரியாது.

தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களில் 1 முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வங்கதேசத்து முந்தானை

இதற்கு வழி கண்டு பிடித்த நாடு பணக்கார நாடு அல்ல. குளமும் குட்டையும் நிறைந்த வங்கதேசம்.

அங்கே பிள்ளைகள் எந்த நேரத்தில் தண்ணீரில் விழுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். காலையில், தாய்மார் வேலையில் மூழ்கி இருக்கும் நேரத்தில்தான் அதிகம் என்று தெரிந்தது. உடனே கிராமம் தோறும் ஒரு வீட்டில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக் கொள்ள உள்ளூர்ப் பெண்களையே அமர்த்தினார்கள். காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை. பாட்டு, விளையாட்டு, கதை.

அந்த இடத்துக்கு 'ஆஞ்சல்' என்று பேர். வங்காள மொழியில் அதற்கு முந்தானை என்று அர்த்தம்.

அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் சாவு வெகுவாகக் குறைந்தது. இந்த வழியை மற்ற நாடுகளும் பின்பற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமே இன்று சிபாரிசு செய்கிறது.

நம்மிடம் ஏற்கனவே உண்டு

அந்த முந்தானை நமக்குப் புதிது அல்ல. அங்கன்வாடி என்று பேர் வைத்து ஊருக்கு ஊர் நடத்திக் கொண்டிருக்கிறோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள். 2 வயது முடிந்த பிள்ளையை அங்கே விடலாம். மதியம் சாப்பாடு. வாரம் 3 முட்டை. எடை போட்டுப் பார்த்து வளர்ச்சியைக் குறித்து வைப்பார்கள். ஆட்டம், பாட்டம் மூலம் பாடமும் உண்டு.

ஆனால் பல வீடுகளில் இன்னும் என்ன நினைப்பு? "அங்க சோறுதானே போடுதாங்க? நம்ம வீட்ல சோறு இல்லையா?"

சோறு மட்டும் அல்ல. பிள்ளை மேல் ஒரு ஜோடிக் கண் இருக்கிறது. தாய் அடுப்படியில் நிற்கும் அந்த 4, 5 மணி நேரமும் பிள்ளை கிணற்றுப் பக்கம் போகாது. அடுப்புப் பக்கம் போகாது. அக்காவும் பள்ளிக்கூடம் போகலாம்.

எட்டயபுரத்தில் பிறந்தது

சோற்றைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை இழுத்து வந்ததே சோறுதான். அந்தச் சரித்திரமும் இந்த மண்ணில்தான் எழுதப்பட்டது.

1956-ம் ஆண்டு முதல்-அமைச்சர் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். எட்டயபுரமும் உடன்குடியும் அப்போது நெல்லை மாவட்டம். 1986-ல்தான் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்தது.

1982 ஜூலை 1-ந் தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். பள்ளிக்கூடம் சேராத 2 வயதுப் பிள்ளைக்கும் அதில் இலை போடப்பட்டது. 2022 செப்டம்பர் 15-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது 1 முதல் 5-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு.

66 வருடத்தில் வயிற்றுக்கு வழி பிறந்து விட்டது.

பேசாத பிள்ளை

வயிறு நிறைந்தால் மட்டும் வளர்ச்சி ஆகி விடாது. 6 வயதுக்குள் மூளை, பெரிய ஆளின் மூளையில் ஏறத்தாழ 90 சதவீத அளவுக்கு வந்து விடுகிறது. கோளாறு இருந்தால் அதற்குள் கண்டு பிடிக்க வேண்டும்.

"இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வாள். அதை நம்பி வருடங்கள் ஓடி விடும். பிறகு பார்த்தால் பிள்ளைக்குக் காதே கேட்டிருக்காது.

ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? 2 வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? கூப்பிட்டால் திரும்பவில்லையா? காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதற்காகவே 2013-ம் ஆண்டு முதல் மருத்துவக் குழு வேனில் வருகிறது. அங்கன்வாடிக்கு வருடம் 2 முறை, பள்ளிக்கூடத்துக்கு வருடம் ஒரு முறை என்பது திட்டம். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று 4 வகையிலும் சோதிப்பார்கள். காது கேளாத பிள்ளைக்கு, காதின் உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷனை முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் 6 வயதுக்குள் போக வேண்டும்.

வேன் வந்த அன்று பிள்ளை விடிலியில் இருந்தால்? போச்சு. அடுத்த முறை வேன் வர மாதங்கள் ஆகும்.

சாவுக்குப் பின்னால் சட்டம்

சரி, பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்து விட்டது. அங்கே பயம் தீர்ந்ததா?

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி. மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. ஓலைக் கூரையில் தீ எப்படி ஓடும் என்று உடன்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. 94 பிஞ்சுகள் கருகினர். அதன் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கூரை பிரிக்கப்பட்டது.

2012 ஜூலை 25. தாம்பரம் அருகே பள்ளிப் பஸ்சில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து 2-ம் வகுப்புச் சிறுமி பலியானாள். சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அதன் பிறகுதான் பள்ளிப் பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன.

2021 டிசம்பர் 17. நெல்லை டவுனில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். அதன் பிறகுதான் இடியும் நிலையில் நின்ற பள்ளிக் கட்டிடங்களை மாநிலம் முழுவதும் தேடித் தேடி இடித்தார்கள்.

2025 ஜனவரி 3. விக்கிரவாண்டியில் தனியார் பள்ளிக் கழிவு நீர்த் தொட்டியின் துருப்பிடித்த மூடி உடைந்து எல்.கே.ஜி. சிறுமி உள்ளே விழுந்து இறந்தாள். அதே ஆண்டு ஜூலை 8. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரெயில் மோதி பள்ளி வேனில் சென்ற 3 பேர் பலி.

கூரை, ஓட்டை, சுவர், மூடி. ஒன்றாவது யார் கண்ணுக்கும் தெரியாத பொருளா? எல்லாம் கண் எதிரே இருந்தவை. ஒவ்வொரு விதியும் பிள்ளைகள் செத்த பிறகே எழுதப்பட்டது.

பெற்றோர் கேட்கலாம்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கால் வைக்கும்போது வாத்தியாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "என் பிள்ளை நல்லா படிக்கானா?"

கூடவே நாலு பக்கமும் பார்க்கலாம். கழிவறைச் சுவரில் விரிசல் உண்டா? தொட்டி மூடி மேல் பெரிய ஆள் நின்றால் தாங்குமா? தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா? சமையல் அறையில் சின்னப் பிள்ளை நுழைய வழி இருக்கிறதா? வேனில் டிரைவரைத் தவிர பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் இருக்கிறதா? எத்தனை பேரை அடைத்து ஏற்றுகிறார்கள்?

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தலைவரே ஒரு தாயாகத்தான் இருப்பார். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டு விட்டு வராமல் சுவரையும் மூடியையும் பற்றிப் பேசலாம். பேசியதை எழுதி வைக்கச் சொல்லலாம்.

பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுத்தாலோ, அடித்தாலோ 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பது 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளியின் பெயர் கெட்டு விடும் என்ற பேச்சு அங்கே செல்லாது.

நாளைக்கு வேறு பதனி

பங்குனி மறுபடியும் வரும். விடிலியில் அடுப்பு மூட்டுவார்கள். தாய் சட்டி முன்னால்தான் நிற்க வேண்டும். வேறு வழி இல்லை.

அந்த நேரத்தில் பிள்ளை அங்கன்வாடியில் இருக்கட்டும். அக்கா வகுப்பில் இருக்கட்டும். அந்த இரண்டு கட்டிடத்தின் சுவரையும் மூடியையும் ஊரார் ஒரு தடவை தட்டிப் பார்த்து வைக்கட்டும்.

பதம் தப்பினால் ஒரு நாள் பாடு நஷ்டம். மறுநாள் வேறு பதனி இறங்கும். பிள்ளை விஷயத்தில் மறுநாள் கிடையாது.