பழைய லாரியும் அதன் புகைக்குழாயும்

மோட்டார் வண்டியின் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினையும் எண்ணெயையும் பற்றியே பேசுவர். எரிந்து முடிந்த வாயு வெளியேறும் வழியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்தமான் தீவுகளில் பழைய லாரியைக் கொண்டு தொழில் நடத்தும் நம்மவர்க்கு இது சிறிய செய்தியன்று. எஞ்சினின் பக்கத்தில் பூட்டியிருக்கும் வார்ப்பிரும்பு மேனிபோல்டு விரிசல் விட்டுவிட்டது எனக் கொள்வோம். அதையே மீண்டும் வாங்கிப் பூட்டுவதா? அல்லது அமெரிக்க நாட்டில் பலர் செய்வதுபோல், எஃகுக் குழாய்களால் ஆன ‘ஹெடர்’ என்னும் அமைப்பைப் பொருத்துவதா? இவ்வினாவை நாம் இன்று ஆராய்வோம்.

முதலில் இவ்விரண்டின் இயல்பை அறிதல் வேண்டும். எஞ்சினில் உள்ள ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த வாயுவைத் தனித்தனி வாயில் வழியே வெளியே தள்ளுகிறது. இவ்வாயில்கள் அனைத்தையும் ஒரே குழாயில் இணைத்துச் சைலென்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டே மேனிபோல்டு. அது கனமானது, உறுதியானது, குறைந்த செலவில் வார்க்கக்கூடியது. ஆனால் ஒரு சிலிண்டரிலிருந்து பாயும் வாயு, குறுகிய இடத்தில் மற்றொன்றின் வாயுவோடு மோதுவதும் உண்டு.

ஹெடரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் உண்டு. ஏறக்குறைய ஒரே நீளமுள்ள இக்குழாய்கள் சற்றுத் தொலைவு சென்ற பின்னரே ஒன்றுகூடுகின்றன. வால்வு திறந்தவுடன் வாயுவின் அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய்கள் கூடி வழி அகலமாகும் இடத்தை அடைந்ததும், அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் அலை, உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் நொடியில் சிலிண்டரை வந்தடையுமானால், எஞ்சிய புகையை இழுத்துப் புதுக்காற்றுக்கு இடம் செய்கிறது. ஹெடரின் பயன் இதுவே. இப்பயன் எல்லா வேகத்திலும் கிட்டுவதில்லை; குழாயின் நீளத்துக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் கிட்டும்.

அமெரிக்க டிரக்குகள் பலவற்றில் பெட்ரோலால் ஓடும் எட்டு சிலிண்டர் எஞ்சின் உண்டு. அவை மிகுந்த சுழற்சி வேகத்தில் இயங்குவன. ஆகவே அங்கே ஹெடருக்குப் பொருள் உண்டு. நம் நாட்டுப் பழைய லாரிகளின் நிலை வேறு. 1954-ல் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாட்டா லாரிகளும், 1955-ல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரிகளும் டீசலையே நம்பி வளர்ந்தவை. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழன்று பாரம் இழுப்பது. மெதுவான வேகத்துக்கு ஏற்ற அலை வேண்டுமாயின் மிக நீண்ட குழாய்கள் வேண்டும். அவற்றுக்கு லாரியின் சட்டத்துக்குள் இடம் இராது. மேலும், எவ்வளவு டீசல் எரிய வேண்டும் என்பதை எண்ணெய்ப் பம்பே வரையறுக்கிறது. காற்று சிறிது கூடினால் கரும்புகை சற்றுக் குறையலாமேயன்றி, இழுவை தானே பெருகிவிடாது. டர்போ பொருத்திய லாரிகளிலோ அந்த டர்போவைத் தாங்கி நிற்பதே மேனிபோல்டுதான். ஆதலின் அங்கு இவ்வினாவே எழவில்லை.

இனித் தீவுகளின் தட்பவெப்பத்தை நோக்குவோம். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றிலோ எப்போதும் கடலுப்பு. எஞ்சின் சூடாக இருக்கும்வரை குழாய் உலர்ந்திருக்கும். குளிர்ந்ததும் ஈரமும் உப்பும் அதன்மேல் படியும். உள்ளேயும் அப்படியே. எண்ணெய் எரியும்போது நீராவி பிறக்கிறது. குறுகிய தொலைவே ஓடி நிற்கும் வண்டியில் அது நீராகக் குழாய்க்குள் தேங்குகிறது. தடித்த வார்ப்பிரும்பு துருவேறினும் பல ஆண்டு தாங்கும். ஹெடரின் சுவரோ இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும். சாதாரண எஃகாயின் விரைவில் ஓட்டை விழும். துருப்பிடியா எஃகு நெடுநாள் உழைக்கும். எனினும் சூடேறும்போது அது வார்ப்பிரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிகிறது. ஆகையால் பற்றவைத்த இடங்களில் விரிசல் காணும் அச்சம் உண்டு.

மற்றொன்றும் உண்டு. தீவில் கிடைக்காத பாகம் பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும்; கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். பழைய லாரியின் மேனிபோல்டைச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடிக்க இயலும். ஒரு பட்டறையில் அளவெடுத்துச் செய்த ஹெடருக்கு மாற்றுப்பாகம் எந்தக் கடையிலும் இராது.

ஆற்றலைவிடப் பெரிதாகக் கருதவேண்டியது உயிர். தீவுகளின் நெடுஞ்சாலையில் ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியே செல்கிறது. அங்கு வண்டிகள் காவலுடன் குறித்த நேரங்களில் வரிசையாகச் செல்ல வேண்டும், இடையில் நிறுத்தலாகாது. அம்மக்களின் அமைதியைக் காக்கும் இவ்விதியை மதிக்க வேண்டிய ஓட்டுநர், வழியில் நின்றுவிடக்கூடிய வண்டியோடு புறப்படுதல் முறையன்று. வரிசை திறக்கும்வரை காத்திருக்கையில் எஞ்சினை ஓடவிட்டு இருக்கையிலேயே கண்ணயர்வதும் இயல்பு. மேனிபோல்டு விரிசல் விட்டிருந்தால் அப்போது புகை ஓட்டுநர் அறைக்குள் நுழையும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். டீசல் புகையில் அது பெட்ரோல் புகையைவிடக் குறைவே. ஆயினும் பழுதுபட்ட எஞ்சினில் மிகும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வருதல் வேண்டும்.

விரிசலை அறிவது கடினமன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ‘டிக் டிக்’ என்னும் ஒலி கேட்டு, சூடேறியபின் அது குறைந்தால் ஐயம் கொள்ளலாம். இரும்பு விரிந்து இடைவெளியை மூடுவதே காரணம். இணைப்பருகே கரிக்கோடு தென்பட்டால் ஐயம் உறுதியாகிறது. பெரும்பாலும் கேஸ்கெட் எரிந்தோ, ஸ்டட் முறிந்தோ இருக்கும். துருவேறிய ஸ்டட்டை வலிந்து திருகலாகாது. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சூடு காட்டித் தளர்த்த வேண்டும். மேனிபோல்டின் முகம் வளைந்திருந்தால் சமமாக இழைத்துப் புதிய கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக முறுக்கிப் பூட்ட வேண்டும். வண்டி ஓடிச் சூடேறிக் குளிர்ந்தபின் முறுக்கை மீண்டும் சோதித்தல் நலம். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பதாயின் முன்னதாகச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆற்றினால் பக்கத்திலேயே புது விரிசல் தோன்றும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் அமைப்பினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஒலியைக் குறைக்கும் சைலென்சர் இன்றி வண்டி ஓட்டவும் விதியில் இடமில்லை. ஆகவே எம்மாற்றத்துக்கும் முன்னர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

முடிவாகக் கூறுமிடத்து, பிறநாட்டுப் பெட்ரோல் வண்டிக்கு உகந்தது நம் டீசல் லாரிக்கும் உகந்ததாகிவிடாது. விசாகப்பட்டினத்திலோ மும்பையிலோ கடலோரம் லாரி ஓட்டும் நம்மவர்க்கும் இது பொருந்தும். ஹெடருக்கென எடுத்துவைத்த பணத்தில் நல்ல மேனிபோல்டும், புதிய ஸ்டட்டுகளும், தரமான கேஸ்கெட்டும் வாங்குவதே அறிவுடைமை. புகை கசியாத வண்டி பாரத்தையும் கொண்டு சேர்க்கும். ஓட்டுபவரையும் நலமாக வீடு சேர்க்கும்.