மைதானத்தை விற்று வாங்கிய ஏற்றம்

இங்கிலாந்தின் கால்பந்தாட்டம் என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் போன்ற பெரும் கிளப்புகளே. பிரீமியர் லீகில் 20, அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளிலும் பிரிவுக்கு 24 என்று ஆக மொத்தம் 92 கிளப்புகள் அந்நாட்டின் மேல்தட்டில் அடங்கிவிடுகின்றன. அதற்கும் கீழே, ஐந்தாம் படியான நேஷனல் லீகில் தொடங்கிக் கிராமத்துச் சங்கங்கள் வரையில் அகன்றுகொண்டே போகும் பெருங்கூட்டத்துக்கு ‘நான்-லீக்’ என்று பெயர். இக்கூட்டத்தில் உள்ள எந்தச் சிறு கிளப்பும் ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி என்றேனும் ஒரு நாள் உச்சியைத் தொடலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் அழகு. அந்தச் சாத்தியமே பல ஊர்களில் கிளப்புகளின் சர்வநாசத்துக்கும் காரணமாகியிருக்கிறது.

கணக்கு மிகவும் எளியது. மேல்தட்டுக் கிளப்புகள் தொலைக்காட்சி உரிமையால் வாழ்கின்றன. நான்-லீக் கிளப்போ நுழைவுச் சீட்டு, மைதானத்துக் கடையில் விற்கும் தேநீர், பீர், உள்ளூர் வியாபாரிகள் தரும் விளம்பரப் பணம் ஆகியவற்றைக் கொண்டே ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும், தொலைதூர ஊர்களுக்குப் போய்வரும் பஸ் செலவையும், விளக்குக் கட்டணத்தையும் சரிக்கட்ட வேண்டும். நேஷனல் லீகின் 24 கிளப்புகளில் மேலே ஏறக்கூடியவை இரண்டே. கீழே தள்ளப்படுபவை நான்கு. அடுத்த ஆண்டு ஏறிவிடுவோம் என்ற நம்பிக்கையில் வருமானத்துக்கு மீறிச் சம்பளம் பேசிய கிளப்புகள் பத்து இருந்தால், அவற்றுள் எட்டுக்காவது அந்த நம்பிக்கை பொய்த்தே தீரும் என்பதைச் சொல்ல நிதி நிபுணர் தேவையில்லை. ஆயினும் இந்தச் சூதாட்டம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆதரவாளர்களின் அபிமானமும், பக்கத்து ஊர்க் கிளப் மேலே போய்விட்டதே என்ற தாபமும் நிர்வாகிகளை விடாமல் உந்துகின்றன.

இதன் முழு விபரீதத்தையும் அனுபவித்த ஊர் மெய்ட்ஸ்டன். கெண்ட் ஜில்லாவின் தலைநகரான அது மெட்வே ஆற்றின் கரையில் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு மெய்ட்ஸ்டன் யுனைடெட் நான்-லீக் உலகின் உச்சப் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அந்நாளில் அதற்கு மேலுள்ள ஃபுட்பால் லீகில் நுழைவதற்கு வெற்றி மட்டும் போதாது, லீகின் அங்கத்தினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். அவ்வாக்கு அதற்குக் கிட்டவில்லை. 1986-87 பருவத்திலிருந்து அவ்வழக்கம் ஒழிந்து, முதலிடம் பெற்ற கிளப் தானாகவே மேலேறலாம் என்ற நியாயமான விதி வந்தது. கதவு திறந்துவிட்டதென்று கண்ட மெய்ட்ஸ்டன் நிர்வாகம், 1988-ல், தன் பூர்வீகச் சொத்தான லண்டன் ரோடு மைதானத்தை விற்றுவிட்டு, வேற்றூரான டார்ட்ஃபோர்டின் மைதானத்தில் வாடகைக்கு ஆடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1989-ல், சாம்பியனாகி ஃபுட்பால் லீகிலும் நுழைந்தது. முதற்பருவத்தில் ஐந்தாமிடம் பெற்று, ஏற்றத்தை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டங்களில் கேம்பிரிட்ஜ் யுனைடெட்டிடம் தோற்றதால்தான் இன்னொரு படி ஏறாமல் நின்றது. வெளிப்பார்வைக்கு அது மகத்தான வெற்றிதான்.

ஆனால் சொந்த ஊரில் இல்லாத கிளப்புக்கு எந்த ஊர் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள்? மெய்ட்ஸ்டன்காரருக்கு அது தொலைவு. டார்ட்ஃபோர்டுக்காரருக்கோ அது அயல் கிளப். புதிய மைதானத்துக்கென்று எண்ணிய நிலத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. கடன் மட்டும் வளர்ந்தது. 1992 ஆகஸ்டில், புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்தையே ஆட இயலாமல், மெய்ட்ஸ்டன் யுனைடெட் லீகிலிருந்து விலகிற்று. அந்த வீழ்ச்சி தன்னோடு நிற்கவில்லை. இடம் கொடுத்த டார்ட்ஃபோர்டும் அதே ஆண்டு மைதானத்தை இழந்து போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. நகரசபை கட்டித் தந்த பிரின்ஸஸ் பார்க் மைதானம் 2006-ல் திறக்கப்பட்ட பின்னரே டார்ட்ஃபோர்டு கிளப் தன் ஊருக்கு மீண்டது.

மெய்ட்ஸ்டன் ஆதரவாளர்கள் மனம் தளரவில்லை. லீகில் ஆடிய கிளப்பின் வாரிசு, கெண்ட் கவுண்டி லீகின் அடிமட்டப் பிரிவில், விற்கப்பட்ட மைதானத்தின் பின்புறமிருந்த பயிற்சித் திடலில் மறுபிறப்பெடுத்தது. பல ஆண்டுகள் உழைத்து மேலேறியபோது அத்திடல் மேற்படியின் தரத்துக்குப் போதாமையால், சிட்டிங்போர்ன், ஆஷ்ஃபோர்ட் முதலிய வேற்றூர் மைதானங்களில் மீண்டும் குடிக்கூலிக்கு ஆட வேண்டியதாயிற்று. 2012-ஆம் ஆண்டில்தான் ஊருக்குள்ளேயே காலகர் மைதானம் எழுந்தது. அது இருக்கும் வீதிக்கு ஜேம்ஸ் வாட்மன் என்னும் பதினெட்டாம் நூற்றாண்டுக் காகித உற்பத்தியாளரின் பெயர்; நம் கல்லூரி ரசாயனச் சாலைகளில் வாட்மன் வடிதாளைக் கையாண்டவர்கள் அந்த ஊரோடு தமக்கொரு பழைய பரிச்சயம் உண்டென்று எண்ணிக்கொள்ளலாம்.

அம்மைதானத்தில் இயற்கைப் புல் இல்லை. ‘3ஜி’ எனப்படும் செயற்கைத் தரை விரித்திருக்கிறார்கள். இதன் பொருளாதாரத்தைச் சற்று நிதானமாக விளக்குவது அவசியம். இயற்கைப் புல்தரை வாரத்தில் சில மணி நேர ஆட்டத்தையே தாங்கும். குளிர்காலத்தில் சேறாகியோ உறைந்தோ போனால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டு அன்றைய வசூலும் போய்விடும். செயற்கைத் தரையிலோ காலை முதல் இரவு வரையில் பள்ளிப் பிள்ளைகளும், பெண்கள் அணியும், இளையோர் அணிகளும், மாலையில் வேலை முடித்து வரும் உத்தியோகஸ்தர்களும் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடலாம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மட்டும் உயிர்பெற்றுவந்த ஓர் இடம், வாரம் முழுவதும் ஊருக்குப் பயன்பட்டு, தன் செலவுக்குத் தானே சம்பாதிக்கும் இடமாகிறது. பணமும் பொதுநலமும் இவ்வளவு இணக்கமாகச் சேர்ந்திருக்கும் ஏற்பாடு விளையாட்டுலகில் அபூர்வம்.

இதிலேதான் வந்து நிற்கிறது சங்கடம். நேஷனல் லீக் 2015-16 பருவத்திலிருந்து இத்தரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு மேலுள்ள லீக் ஏற்பதில்லை. எண்பதுகளில் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் போன்ற சில கிளப்புகள் விரித்த பழைய பிளாஸ்டிக் தரைகளில் பந்து கட்டுக்கடங்காமல் துள்ளியதும், விழுந்த ஆட்டக்காரரின் தோல் உரிந்ததும் உண்மையே. அன்றைய வெறுப்பு இன்றைய வேறுபட்ட பொருளின்மேலும் தொடர்கிறது. மூட்டுகளுக்கு ஆபத்து என்று அஞ்சும் ஆட்டக்காரர்களின் கவலையையும் நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் விளைவைப் பாருங்கள்: 2020-ல் ஹாரகேட், 2021-ல் சட்டன் யுனைடெட், 2024-ல் புரோம்லி ஆகியவை ஏறியபோது, தங்களுக்குச் சோறு போட்ட தரையைத் தோண்டியெறிந்து புல் விதைக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டன. சட்டன் மூன்றே பருவங்களில் மறுபடியும் கீழிறங்கியது. பெயர்த்தெடுத்த தரையின் வருமானம் மட்டும் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1988-ல் மெய்ட்ஸ்டன் தானாகச் செய்த பிழையை இன்று விதியே செய்யச் சொல்கிறதென்றுதான் எனக்குப் படுகிறது.

தனவந்தர் ஒருவர் கிடைத்தால் இந்தப் பணக் கஷ்டம் தீராதா என்று கேட்பவர்களுக்கு ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ் என்னும் கிளப்பே பதில். டாக்டர் மார்ட்டென்ஸ் காலணி முதலாளி மாக்ஸ் கிரிக்ஸின் பணத்தால் 1992-ல் இரண்டு கிளப்புகள் இணைந்து பிறந்த அது 2001-ல் லீகை எட்டிற்று. 2005-ல் அவர் ஒதுங்கினார். 2011-ல் கிளப் நேஷனல் லீகின் முன்னோடியான கான்ஃபரன்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டு அழிந்தது. இதற்கு மாறாக, 2003-ல் கான்ஃபரன்ஸுக்கு விழுந்தபோது ஆதரவாளர் அறக்கட்டளையின் கைக்கு வந்த எக்ஸிட்டர் சிட்டி, 2005 ஜனவரியில், மேல்தட்டும் நான்-லீக்கும் கலந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே கோலின்றிச் சமன் செய்து, மறு ஆட்டமும் பெற்று, கிடைத்த வசூல் பங்கைப் புதிய ஆட்டக்காரர்களுக்கு இறைக்காமல் கடனை அடைக்கப் பயன்படுத்திற்று. 2008-ல் லீகுக்குத் திரும்பியது. இன்றும் ஆதரவாளர்களே அதன் உடைமையாளர்கள்.

மெய்ட்ஸ்டனுக்கும் அப்படியொரு குளிர்காலம் வாய்த்தது. 2023-ல் நேஷனல் லீகிலிருந்து ஆறாம் படிக்கு இறங்கிய பின், ஜார்ஜ் எலோகோபியின் பயிற்சியில், 2024 ஜனவரியில் கோப்பையின் மூன்றாம் சுற்றில் ஸ்டீவனேஜை 1-0 என்று காலகர் மைதானத்தில் வென்று, நான்காம் சுற்றில் அவ்வாண்டே பிரீமியர் லீகுக்கு ஏறவிருந்த இப்ஸ்விச் டவுனை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்தது. ஐந்தாம் சுற்றில் கவண்ட்ரியிடம் ஐந்து கோல்கள் வாங்கித் திரும்பியது. ஸ்டீவனேஜ் லீகைச் சேர்ந்த அணி; கோப்பை விதி செயற்கைத் தரையை அனுமதிப்பதால் தடையின்றி வந்து அதில் ஆடிற்று. கோப்பைக்காக ஆடும் சனிக்கிழமையில் தகுதியாயிருக்கும் அதே தரை, லீகுக்காக ஆடும் சனிக்கிழமையில் எவ்வாறு தகுதியற்றதாகும் என்பதற்கு, நான் எவ்வளவு யோசித்தும் ஒரு நியாயம் புலப்படவில்லை. மேலுள்ள லீகின் அங்கத்தினர்கள் அடுத்த முறை வாக்களிக்கக் கூடும்போது இந்த விதியை நீக்குவதே அவர்கள் செய்யவேண்டிய காரியம்.