மாட்டு வயிற்றில் ஒரு கம்பி

பசு தீவனத்தை நன்றாக மென்று தின்பதில்லை. வாரி விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோடும். கட்டுக்கம்பியோ ஆணியோ கூடவே போனால் அதற்குத் தெரியாது. கனமான துண்டு தேன்கூடு போன்ற மடிப்புகள் கொண்ட இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். அதற்கு முன்னால் உதரவிதானம். அதைத் தாண்டினால் இதயம். இடைவெளி சில சென்டிமீட்டர்தான். வயிறு சுருங்கச் சுருங்கக் கம்பி முன்னேறி, இதய உறையையே குத்திவிடுவதுண்டு.

தீனி குறையும். பால் சட்டென்று இறங்கும். மாடு முன்னங்கால்களை அகட்டி நிற்கும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். முற்றினால் அலைதாடியில் நீர் கோக்கும். அனுபவமுள்ள மருத்துவர் இதை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். மீதிப் பாதிக்குத்தான் படம்.

எக்ஸ்ரேயில் அடர்த்திதான் கணக்கு: காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, உலோகம் அதைவிட வெள்ளை. கம்பி தப்பாது. ஆனால் நானூறு கிலோ உடம்பைக் கதிர் ஊடுருவ வேண்டுமே! நாய்க்குப் போதுமான சிறிய கருவி இங்கே தடுமாறும். தெருவில் மேயும் மாடு விழுங்கிய பிளாஸ்டிக் பையோ இதில் அகப்படுவதே கடினம்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேறு வேலை செய்யும். அதன் மீயொலி அலை காற்றை எளிதில் கடக்காது. அதனால்தான் முடியை மழித்துக் களிம்பு பூசுகிறார்கள். கம்பியைத் தேட அது அவ்வளவு உதவாது. ஆனால் இதய உறையில் சீழ் கோத்திருக்கிறதா, நிமிடத்துக்கு ஒருமுறை சுருங்க வேண்டிய வயிறு சுருங்குகிறதா என்று காட்டிவிடும். சீழ் கோத்திருந்தால் மாடு பிழைப்பது அரிது. அறுவைக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

விவசாயிக்கு ஸ்கேனால் அதிக லாபம் சினை பார்ப்பதில்தான். ஆசனவாய் வழியாகப் பார்த்தால் 30 நாளிலேயே தெரிந்துவிடும். கையால் தடவிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பசுவில் அந்த வாரங்களுக்கு விலை உண்டு.

நாய்க்குச் சினையை உறுதிசெய்ய ஸ்கேன். குட்டிகளை எண்ண எக்ஸ்ரே. குட்டியின் எலும்பு ஏறக்குறைய 45 நாளுக்குப் பிறகே படத்தில் தெரியும் என்பதால், எண்ணுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் பெரிய ஊர் வசதி. விலங்கிடம் அசையாதே என்று சொல்ல முடியாதே, பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும்.

கம்பிக்குத் திரும்பினால், என் ஓட்டு காந்தத்துக்குத்தான். விழுங்க வைத்தால் அதே இரண்டாம் வயிற்றில் தங்கி, வரும் இரும்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரேகூட வேண்டாம். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் திசைகாட்டியைப் பிடித்தால் முள் திரும்பிவிடும்.