தண்ணீரைக் குடித்துப் பார்த்தபின் காணி

தோட்டம் செய்த நாம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாராமல் காணி வாங்கியதில்லை. நன்னீரா, உவரா என்று முதலில் அறிவோம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோம். 2009இன் பின் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பிள்ளைகளை அங்கு அனுப்பமுன்னும் தண்ணீரைச் சோதிக்க வேண்டாமா?

வேலை விடும் நேரம் வாசலில் நின்று, வெளியே வரும் பிள்ளைகளைக் கேட்போம். மலசலகூடம் போகத் தடையுண்டா? மேற்பார்வையாளர் ஏசுவாரா? சுகயீன லீவு கேட்டால் என்ன நடக்கும்? நியமனக் கடிதம் கையில் உண்டா?

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால், நிர்வாகம் 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். இது 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை, சலுகையன்று. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

வறுமை நம்மை அவசரப்படுத்தும். ஆயினும் ஒரு மாலைப்பொழுது வாசலில் நிற்போம்.