லார்ட்: இரண்டாவது சோதனை

முதல் ஆல்பத்தில் உச்சம் தொட்டவர்களை இரண்டாவது ஆல்பம் கவிழ்த்துவிடும் என்பது பாப் உலகின் பழைய பயம். 2013இல் 'ராயல்ஸ்' பாடலுடன் 16 வயதில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த நியூஸிலாந்துப் பாடகி லார்ட், அடுத்த ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 4 ஆண்டுகள்.

2017 ஜூனில் வந்த 'மெலோட்ராமா', ஓர் இரவு விருந்தின் பின்னணியில் காதல் முறிவைச் சொன்னது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ரசிகர்கள் ஆல்பத்தை அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்; ஆனால் 'கிரீன் லைட்' பாடல் அங்கே 19ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதன் அமைப்பு இலக்கணத்துக்குப் பொருந்தாது என்றார் ஹிட் பாடல்களின் மன்னர் மாக்ஸ் மார்ட்டின். லார்ட் மறுக்கவில்லை.

2018 கிராமியில் சிறந்த ஆல்பத்துக்குப் போட்டியிட்ட ஐவரில் அவர் மட்டுமே பெண். விருது புரூனோ மார்ஸுக்குப் போனது. ஆனாலும் 2020இல் 'ரோலிங் ஸ்டோன்' தேர்ந்தெடுத்த 500 சிறந்த ஆல்பங்களில் 'மெலோட்ராமா' இருந்தது. ஹிட் கிடைக்கவில்லை, ஆல்பம் நிலைத்தது.